நாற்பத்தோராவது அழைப்பு

நான்கு மணிக்குப் போலீஸ் வருவதாக இருந்தது. பொடிநடையாரும் அவருடைய மச்சினனும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்தின் ஐந்தாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஐந்து. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பொடிநடையார் லிஃப்டில் ஏறமாட்டார், அவ்வளவுதான். ஊர் அவருக்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை.

"அத்தான், என் முட்டி ரெண்டும் தனித்தனியா ராஜினாமா எழுதிக் குடுத்திருச்சு," என்றான் மச்சினன், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"மூச்சு நல்லா வாங்கு. அந்த நேரமாவது வாய் சும்மா இருக்கும்."

மச்சினனுக்கு நாற்பது வயது. பத்து வருடம் மென்பொருள் லைசென்ஸ் விற்றவன். கம்பெனி இழுத்து மூடப்பட்டதும் அக்கா வீட்டுக்கு நான்கு நாள் தங்கலாமென்று வந்து, அத்தானின் துப்பறியும் தொழிலில் ஒட்டிக்கொண்டவன். அத்தானுக்குக் கம்ப்யூட்டர் என்றால் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றே தெரியாது. மச்சினனுக்கு மனிதர்களைப் படிக்கத் தெரியாது. இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும் என்பது அக்காவின் அபிப்பிராயம்.

இயக்குநரின் மேஜையில் இரண்டு தாள்கள் கையெழுத்துக்காகக் காத்திருந்தன. பேனாவின் மூடி ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"நாலு மணி வரைக்கும்தான் டைம்," என்றார். "அதுவும் அந்தப் பொண்ணோட மாமியார் மத்தியானத்துலேர்ந்து என் வாசல்ல உக்காந்திருக்காங்களேன்னுதான்."

மருமகளைக் காப்பாற்ற மாமியார் துப்பறிவாளரைத் தேடி வந்தது பொடிநடையாரின் இருபது வருடத் தொழிலில் இதுவே முதல் தடவை. அதற்காகவே வழக்கை ஒத்துக்கொண்டார். தையல்கடை நடத்தும் அந்த மாமியார் சொன்னது ஒன்றுதான்: 'என் மருமக நாலு வார்த்தைக்கு மேல பேசமாட்டா சார். அவளுக்காக யாராவது பேசணும்.'

"நடந்ததைச் சொல்லுங்கம்மா," என்றார் பொடிநடையார்.

"மூணு நாளா சாயங்காலம் நாலு மணி வாக்குல எல்லா ஸ்கிரீனும் அப்படியே நின்னுடுது. நாலு நிமிஷம். அப்புறம் தானா சரியாகிடுது. நேத்து அந்த நாலு நிமிஷத்துல ஒரு அம்மா போன் பண்ணினாங்க. அஞ்சு வயசுப் பையன், மூச்சுத் திணறல். எந்த வண்டி எங்க நிக்குதுன்னே பாக்க முடியல. வண்டி லேட்டா போச்சு." இயக்குநர் பேனாவை எடுத்தார், வைத்தார். "பையன் ஐசியூல இருக்கான். இன்னும் கண்ணு திறக்கல."

பொடிநடையார் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டார்.

"அதுக்கும் அந்தப் பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

"எங்க புரோகிராமர் அவதான். வண்டி விவரம் எல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கு. அதோட பேச நாப்பது கனெக்‌ஷனுக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கோம். நாப்பது பேருக்கு. எங்கிட்ட போன் எடுக்கறவங்க மொத்தமே பதினெட்டு பேர். ஆனா நேத்து நாப்பதும் ஃபுல்." ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். "மீதி இருபத்திரண்டு பேர் யாரு? பாருங்க, நாப்பதும் அவ எழுதின புரோகிராம் பேர்லதான் ஓடியிருக்கு. பாஸ்வேர்டு தெரிஞ்சவ அவ ஒருத்திதான். எங்க லைசென்ஸை வெளியாளுங்களுக்குத் திறந்து விட்டுட்டு வேற ஏதோ வேலை பாத்திருக்கா. அவளை விடக்கூடாது சார்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. கோபம் பாதி, ஐந்து வயதுப் பையன் பாதி.

"ஒரு தாள் போலீஸ் புகார். இன்னொரு தாள்?"

"எண்பது கனெக்‌ஷனுக்கு லைசென்ஸ். விக்கறவங்க அதைத்தான் வாங்கச் சொல்றாங்க."

மச்சினன் இருமினான். அது மாடிப்படி இருமல் இல்லை.

நடைபாதைக்கு வந்ததும் பொடிநடையார் கேட்டார். "மச்சான், எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"ஆஸ்பத்திரி வாசல்ல நாப்பது சக்கர நாற்காலி நிறுத்தியிருக்காங்கன்னு வெச்சுக்கங்க அத்தான். ஒவ்வொரு தடவையும் புதுசா செய்ய முடியாதில்ல? வர்ற நோயாளி ஒன்னை எடுப்பான், உள்ள போவான், வேலை முடிஞ்சதும் கொண்டுவந்து நிறுத்துவான். அடுத்தவன் எடுப்பான். இதுதான் கனெக்‌ஷன் தொகுப்பு. நாப்பதும் போயிடுச்சுன்னா நாப்பத்தோராவது ஆளு வாசல்லயே நிக்கணும்."

"நாற்காலி முதுகுல ஒரே பேர்தான் எழுதியிருக்குமோ?"

"ஆமா. ஆஸ்பத்திரி பேர். அதனால நாப்பதும் அந்தப் பொண்ணு புரோகிராம் பேர்ல இருக்கறது ஒன்னும் அதிசயம் இல்ல. ஆனா பதினெட்டு நோயாளிக்கு நாப்பது நாற்காலி எப்படிக் காலியாச்சு, அதுதான் எனக்கும் இடிக்குது."

நடைபாதையின் கோடியில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மாமியார். இன்னொன்றில் புரோகிராமர், முப்பது வயதுக்காரி, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி. ஆபீஸில் அவளுக்கு 'சுருக்கு' என்று பெயர்.

"யாருக்காவது பாஸ்வேர்டு குடுத்தீங்களா?" என்றார் பொடிநடையார்.

"இல்ல."

"போன வாரம் எதையாவது மாத்தினீங்களா?"

"லீவு. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்."

"லீவுக்கு முன்னாடி?"

"குறிப்பு."

"என்ன குறிப்பு? யாருக்கு?"

"கேப்டனுக்கு. தொகுப்பை அமைக்க. பாக்க விடமாட்டேங்கறாங்க."

"அஞ்சு வார்த்தை பேசிட்டா," என்று மாமியார் ஆச்சரியப்பட்டார். "ரொம்ப பயந்து போயிருக்கா."

அந்தக் குறிப்பு. ஐம்பது நிமிடத்துக்குள் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு நூல் கிடைத்திருந்தது. பொடிநடையார் அதன் முனையைத் தேடிக் கிளம்பினார்.

கேப்டன் என்பவர் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி. கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. கேப்டன் என்ற பெயர் கப்பலால் வந்ததல்ல என்பதைச் சுவரில் இருந்த போட்டோ சொன்னது. சிவப்புச் சட்டை போட்ட எட்டுப் பேர், தடித்த கயிறு, தலைக்கு மேலே ஒரு துணிப் பதாகை. பதாகையில் ஒரே சொல்: விடக்கூடாது!

"கயிறு இழுக்கற போட்டியா?" என்றார் பொடிநடையார்.

"ஆமாங்க. கடைசி ஆள் நான்தான். கயித்தை இடுப்புல சுத்திக்கிட்டு நிக்கணும். முப்பது வருஷத்துல ஒரு தடவகூட விட்டதில்ல." பெருமையாகச் சொன்னார் கேப்டன். ஐம்பத்தைந்து வயது, அரிசி மூட்டை தூக்கினாலும் தெரியாத தோள்கள்.

"புரோகிராமர் உங்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வெச்சுட்டுப் போனாங்களாமே."

பெருமை சட்டென்று இறங்கியது. "குறிப்பா? அப்படி எதுவும் இல்லீங்க."

"அவங்க இருக்குன்னு சொல்றாங்க."

"மறந்திருப்பாங்க. அப்பாவுக்கு ஆபரேஷன், பாவம்." அவருடைய முழங்கால் மேஜையின் கீழ் டிராயரை மெல்ல அழுத்தி மூடியது. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"பதினெட்டு டிகிரில வேர்க்கறதுக்குத் தனி லைசென்ஸ் வாங்கணுமே சார், வாங்கிட்டீங்களா?" என்றான் மச்சினன்.

கேப்டன் சிரிக்கவில்லை. பொடிநடையார் மச்சினனின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"அத்தான், டிராயர்லதான் இருக்கு! ஆள் பொய் சொல்றான்!"

"தெரியுது. எதுக்குப் பொய் சொல்றாருன்னுதான் தெரியல. முதல்ல அந்த இருபத்திரண்டு பேரைப் பிடிப்போம்."

மணி மூன்று இருபது.

அழைப்பு அறையில் பதினெட்டுப் பேர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மணிக்கு முந்தைய நேரம் என்பதால் பெரும்பாலும் சும்மா இருந்தார்கள். ஆனால் எல்லாக் கண்ணும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. நான்காவது நாளாக அதே பயம்.

நடுவில் மேற்பார்வையாளர் ஒரு பெரிய நோட்டோடு இருந்தார். ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் நேரத்தைக் கையால் எழுதி வைப்பது அவர் வழக்கம். கம்ப்யூட்டர் வந்து எட்டு வருடம் ஆகியும் அவர் இதை விடவில்லை. எல்லாரும் கிண்டல் செய்தார்கள். பொடிநடையார் அந்த நோட்டைப் பார்த்ததும் ஏறக்குறையக் கும்பிட்டுவிட்டார்.

"நேத்துப் பக்கம் காட்டுங்கம்மா."

"மூணே முக்கால்லேர்ந்து ஒரு போனும் இல்ல சார். மூணு அம்பத்தெட்டுக்கு முதல் போன். பள்ளிக்கூடமும் ஃபாக்டரியும் ஒரே நேரத்துல விடுவாங்க. ரோட்ல ஒரு விபத்துன்னா அஞ்சு பேர் போன் பண்ணுவாங்க. கொட்டித் தீத்துடும்."

பொடிநடையார் பென்சிலை எடுத்து வரி வரியாக எண்ணினார். உதடு அசைந்தது. நான்கு மணி நான்கு நிமிடம் வரைக்கும் வந்து நிறுத்தினார். பென்சில் ஒரு வரியின் மேல் நின்றது.

"இது யாரு?"

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "அந்தப் பையனோட அம்மா."

"நாப்பத்தோராவது அழைப்பு," என்றார் பொடிநடையார். "மச்சான், அந்தப் பட்டியலை எடு. முதல் கனெக்‌ஷன் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

"மூணு அம்பத்தெட்டு."

"எப்ப முடிஞ்சது?"

"நாலு எட்டு."

"அடுத்தது?"

"மூணு அம்பத்தெட்டே... நாலு எட்டு." மச்சினனின் விரல் வேகமாகக் கீழே இறங்கியது. "மூணு அம்பத்தொம்பது, நாலு ஒம்பது. அத்தான், நாப்பதும் சரியாப் பத்துப் பத்து நிமிஷம்! இவ்வளவு ஒழுங்கான திருட்டுப்பசங்களை நான் பாத்ததே இல்ல."

"ஏன்னா திருட்டுப்பசங்களே இல்ல. நாப்பது அழைப்பு, நாப்பது நாற்காலி. வேலை முடிஞ்ச பிறகும் நாற்காலியைத் திருப்பிக் குடுக்காம ஒவ்வொருத்தரும் பத்து நிமிஷம் வெச்சிருந்திருக்காங்க. பதினெட்டு பேரே போதும், நாப்பதையும் தீத்துடலாம். ஆமா, அந்த லைசென்ஸ் எதை எண்ணுது? ஆளையா?"

மச்சினன் தரையைப் பார்த்தான். "ஆளை இல்ல அத்தான். ஒரே நேரத்துல திறந்திருக்கற கனெக்‌ஷனை."

"அப்புறம் ஏன் அந்த அம்மா நாப்பது பேருக்குன்னு சொன்னாங்க?"

"விக்கறவங்க அப்படித்தான் சொல்லுவோம். சீக்கிரம் புரியட்டும்னு. நானும் சொல்லியிருக்கேன்."

"எத்தனை பேர்கிட்ட?"

"வாங்கின எல்லார்கிட்டயும்," என்றான். அன்றைக்கு அவன் நகைச்சுவை இல்லாமல் சொன்ன இரண்டாவது வாக்கியம் அது. முதல் வாக்கியம் எது என்று பொடிநடையாருக்கே நினைவில்லை.

மூன்று முப்பத்தெட்டு. இயக்குநரையும் அழைத்துக்கொண்டு சர்வர் அறைக்குத் திரும்பினார்கள். வெளியாள் என்று யாரும் இல்லை என்பதை நோட்டும் பட்டியலும் அருகருகே இருந்து நிரூபித்தன. இயக்குநர் பார்த்தார், ஒத்துக்கொண்டார். ஆனால் இரண்டு தாளும் பேனாவும் இன்னும் கையில்தான் இருந்தன.

"சரி, வெளியாள் இல்ல. அப்ப பத்து நிமிஷம் பிடிச்சு வைக்கச் சொல்லி அமைச்சது யாரு?"

"அதைக் கேப்டன் சொல்லுவார். அந்த டிராயரைத் திறந்துட்டு," என்றார் பொடிநடையார்.

கேப்டன் எழுந்து டிராயருக்கு முன்னால் நின்றார். கயிற்றின் கடைசி ஆள் நிற்கும் நிலை. "முடியாதுங்க. என்னை என்ன வேணா பண்ணுங்க. அந்தப் பொண்ணை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பெரிய தோள்கள் தளர்ந்தன. இயக்குநர் அவரைத் தாண்டிக் குனிந்து டிராயரை இழுத்தார். ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு. சுருக்கின் கையெழுத்து, கீழே தேதி.

இயக்குநர் சத்தமாகப் படித்தார். "இணைப்பைப் பத்து நிமிடம் விடக்கூடாது."

சீட்டைத் தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை படித்தார்.

"அவளேதான் சொல்லியிருக்கா," என்றார் இயக்குநர். "கைப்பட எழுதி." பேனா தாளை நோக்கி இறங்கியது.

"ஏதோ தப்பா எழுதிட்டாங்கம்மா, வேணும்னு செய்யல!" கேப்டனின் குரல் உடைந்தது. "நேத்து அந்தப் பையன் விஷயம் கேட்டதுமே இந்தச் சீட்டுதான் காரணம்னு எனக்குத் தோணுச்சு. வெளிய வந்தா அவங்க ஜெயிலுக்குப் போயிடுவாங்களேன்னுதான் ஒளிச்சு வெச்சேன்."

காப்பாற்ற வந்த சாட்சியே கழுத்தில் கயிறு மாட்டிவிட்டது. மணி மூன்று நாற்பத்து நான்கு.

பொடிநடையார் சீட்டைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து, "அம்மா, உள்ள வாங்க," என்று சுருக்கைக் கூப்பிட்டார். மாமியாரும் கூடவே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

"இதுல என்ன எழுதியிருக்கீங்க?"

சுருக்கு பார்த்தாள். "பத்து நிமிடம் விடக்கூடாது."

"அப்படின்னா?"

"விடக்கூடாது."

"அம்மா தாயே," என்றான் மச்சினன், "வார்த்தைக்கு லைசென்ஸ் கிடையாது. இன்னிக்கு ஒரு நாள் தாராளமா செலவு பண்ணுங்க."

அவள் கைப்பையை இறுக்கினாள். ஒரு மூச்சு இழுத்தாள். "எடுத்த கனெக்‌ஷனைத் திருப்பிக் குடுக்காம யாராவது பத்து நிமிஷம் வெச்சிருந்தா, அப்படியே விடக்கூடாது. பிடுங்கிடணும். அதுதானே எழுதியிருக்கேன்?"

கேப்டன் அவளைப் பார்த்தார்.

"பிடுங்கணுமா?" என்றார். "பிடிச்சிருக்கணும்னு இல்லையா? பத்து நிமிஷம் விடக்கூடாதுன்னா... கையை விடக்கூடாதுன்னுதானே?"

"அடுப்பைப் பத்து நிமிஷம் விடக்கூடாதுன்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்று பொடிநடையார் இயக்குநரிடம் கேட்டார்.

"பத்து நிமிஷம் ஆனதும் போய் அணைப்பேன்."

"கயித்தைப் பத்து நிமிஷம் விடக்கூடாதுன்னு சொன்னா?"

இயக்குநர் போட்டோவை நிமிர்ந்து பார்த்தார். அவர் காலையிலிருந்து அதே சொல்லை மூன்றாவது அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது.

"முப்பது வருஷமா அந்தச் சொல்லுக்கு இவர்கிட்ட ஒரே அர்த்தம்தான்," என்றார் பொடிநடையார். "நாலு வார்த்தைக்கு மேல எழுதாதவங்க எழுதினதை, கயித்தை விடாதவர் படிச்சிருக்கார். குத்தவாளின்னு யாரும் இல்லம்மா. மச்சான், திரையைப் பாரு."

மச்சினன் கேப்டனின் கம்ப்யூட்டரில் தொகுப்பை அமைக்கும் பக்கத்தைத் திறந்தான். திரையில் இரண்டு கட்டங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. 'குறைந்தது இவ்வளவு நேரம் வைத்திரு.' 'அதிகபட்சம் இவ்வளவு நேரம் வைத்திரு.' மேல் கட்டத்தில் பத்து. கீழ்க் கட்டம் காலி.

"ஒரு கட்டம் தள்ளிப் போச்சு," என்றான் மச்சினன் மெதுவாக. "எண்பது வாங்கியிருந்தாலும் இப்படித்தான் நின்னிருக்கும். கொஞ்சம் லேட்டா, கொஞ்சம் பெருசா."

"மாத்துங்க!" என்றார் இயக்குநர்.

"மாத்தினா நிறுத்தித் திருப்பி ஓடவிடணும்மா," என்றார் கேப்டன். "ரெண்டு நிமிஷம் ஒரு ஸ்கிரீனும் இருக்காது."

மூன்று ஐம்பத்து மூன்று. இயக்குநரின் பார்வை கடிகாரத்துக்கும் திரைக்கும் நடுவில் அலைந்தது. இப்போது நிறுத்தினால், அந்த இரண்டு நிமிடத்தில் யாராவது அழைத்தால், பழி நேராக அவர் தலையில். நிறுத்தாவிட்டால் நான்கு மணி.

"நோட்டு இருக்கு," என்றாள் சுருக்கு.

இயக்குநர் கதவை நோக்கி ஓடினார். "ரெண்டு நிமிஷம் எல்லாரும் பேப்பர்ல எழுதுங்க! வண்டிக்காரங்களுக்கு நேரா போன் போடுங்க!"

கேப்டன் விலகி இடம் கொடுக்க, சுருக்குதான் எண்ணைக் கீழ்க் கட்டத்துக்கு மாற்றினாள். மேல் கட்டத்தில் பூஜ்யம். பொத்தானை அழுத்தினாள். பக்கத்து அறையில் பதினெட்டுத் திரைகளும் கறுத்தன.

மூன்று ஐம்பத்தைந்துக்கே ஒரு அழைப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் எழுதினார். யாரோ உரக்க ஒரு தெருப்பெயரைச் சொன்னார்கள். யாரோ டிரைவரின் நம்பரைத் தேடினார்கள். மச்சினன் நகத்தைக் கடித்தான். மூன்று ஐம்பத்தாறு முடிவதற்குள் திரைகள் ஒவ்வொன்றாக விழித்தன.

பிறகு நான்கு மணியின் வெள்ளம் வந்தது. எல்லாரும் அழைப்பு அறையில் சுவரோரம் நின்றார்கள். மேற்பார்வையாளர் எழுத எழுதப் பொடிநடையார் எண்ணினார். மச்சினன் கையில் ஒரு சின்னத் திரையோடு திறந்திருக்கும் இணைப்புகளைப் படித்தான். "மூணு. அஞ்சு. நாலு. ஏழு. ஏழு. அஞ்சு."

"முப்பத்தெட்டு," என்றார் பொடிநடையார். "முப்பத்தொம்பது. நாப்பது."

நாற்பத்தோராவது அழைப்பை ஜன்னலோரத்துப் பெண் எடுத்தாள். மாடிப்படியில் விழுந்த ஒரு பெரியவர். அவள் விசைகளைத் தட்டினாள். அறை முழுக்க அவள் முதுகைப் பார்த்தது. "வண்டி கிளம்பிருச்சுங்க," என்று அவள் போனில் சொன்னாள். "பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இயக்குநர் இரண்டு தாளையும் சேர்த்துக் கிழித்தார்.

வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். "புகார் குடுக்கணும்னு சொன்னீங்களே, யார் மேல?"

"ஒரு வினைச்சொல் மேல சார்," என்றான் மச்சினன். "அந்த சைஸ்ல கைவிலங்கு இருக்கா?"

பொடிநடையார் சிரிக்கவில்லை. அவர் சர்வர் அறைக் கதவின் வழியாக உள்ளே பார்த்தார். கேப்டன் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விரல்மூட்டுகள் வெளுத்திருந்தன. சுருக்கு அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நாப்பதையும் நான்தான் பிடிச்சு வெச்சிருந்திருக்கேன்," என்றார் கேப்டன். "அந்தப் பையனுக்கு ஒன்னுகூட விடல."

"நானும் ஒழுங்கா எழுதல," என்றாள் அவள்.

இயக்குநர் போனோடு ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து. பையன் கண் திறந்துவிட்டானாம். இன்னும் பேசவில்லை, ஆனால் அம்மாவின் விரலைப் பிடித்திருக்கிறானாம்.

கேப்டனின் தோள்கள் குலுங்கின. சுருக்கு அவர் தோளில் கைவைத்தாள். என்னென்னவோ சொல்லவேண்டும் போல இருந்தது அவளுக்கு. வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"விடுங்கண்ணே."

இந்த முறை அவர் சரியாகப் புரிந்துகொண்டார். மேஜை விளிம்பை இறுக்கியிருந்த கைகள், முப்பது வருடத்தில் முதல் தடவையாக, மெல்ல விட்டன.